தோர்வென்னாவில் மழை

யாக்கோபு இத்தாலிக்குப் போனதில்லை. மெட்ராஸ் துறைமுகத்தையே அவர் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். ஆனாலும் தோர்வென்னா என்ற இத்தாலிய ஊரில் கண்ணைக் கட்டி இறக்கிவிட்டால்கூட வழி தவறாமல் நடந்துவிட முடியும் என்று நம்பியிருந்தார். இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு. ஆற்றின் மேல் ரோமானியர்கள் கட்டிய மூன்று வளைவுப் பாலம். பாலம் இறங்கினால் கல்வாசல். வாசலுக்குள் நுழைந்ததும் நூல் பிடித்த மாதிரி ஒரே தெரு, மாதா கோயில் வரைக்கும். இடப்பக்கம் மூன்றாவது வீட்டில் ரொட்டி சுடும் வாசனை. தெருமுனையில் நாலு வாய் வைத்த நீரூற்று. அதில் ஒரு வாயிலிருந்து மட்டும் தண்ணீர் கொஞ்சம் சாய்ந்து விழும்.

இதையெல்லாம் அவருக்குச் சொன்னவர் செலஸ்தீன் பிரதர்.

தாம்பரத்துப் பக்கம் இத்தாலியிலிருந்து வந்த கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய ஒரு மாணவர் விடுதியில் இருபது வயதில் சமையல்காரராகச் சேர்ந்தவர் யாக்கோபு. சமையற்கட்டு பிரதரின் பொறுப்பில் இருந்தது. பிரதருக்குத் தமிழ் நன்றாகவே வரும். ஆனால் வெங்காயம் நறுக்கும்போது வராது. இருநூறு பேருக்கு நறுக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்கத் தன் மலைப் பாஷையில்தான் பேசுவார், முக்கால்வாசியும் தோர்வென்னாவைப் பற்றி. எதிரே உட்கார்ந்து நறுக்கிய யாக்கோபுக்கு முதல் வருஷம் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் வருஷம் கொஞ்சம் புரிந்தது. மூன்றாம் வருஷம் ஒரு நாள், தெருவைச் சொல்லிக்கொண்டே வந்த பிரதர் ஒரு வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனபோது, "நடுவில் செருப்புத் தைக்கிறவர் வீடு இருக்கிறதே" என்று யாக்கோபு அதே பாஷையில் சொன்னார். பிரதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் வழிந்தது வெங்காயத் தண்ணீராகவும் இருக்கலாம்.

பன்னிரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. 1969இல் பிரதர் காலமானார். அதன் பிறகு அந்தப் பாஷையைப் பேச யாக்கோபுக்கு ஆள் இல்லை. பால் பொங்கும்போதும் கை சுட்டுக்கொள்ளும்போதும் மட்டும் வாயில் வரும்.

மனைவி கங்காவுக்குப் பாஷை வராது. ஊர் மட்டும் தெரியும். மணிமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் அவள். வீட்டை எதிர்த்து யாக்கோபைக் கட்டிக்கொண்டு படப்பைக்கு வந்தாள். இரண்டு வருஷம் கழித்துத்தான் அவள் அப்பா இறங்கிவந்தார். கங்கா படப்பைக்கு வந்த நாளிலிருந்து இருபத்தேழு வருஷமாகச் சோற்றுக்கு நடுவிலும் தூக்கத்துக்கு முன்னாலும் தோர்வென்னாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லை.

ஒரகடம் சாலையில் அப்போது வயல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கம்பெனிகள் இருந்தன. அவற்றில் கியர் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் யாக்கோபு தலைமைச் சமையல்காரர். 1991 ஜூலையில் அந்தக் கம்பெனிக்கு இத்தாலியிலிருந்து ஒரு பழைய மிஷின் இரண்டு பெரிய மரப்பெட்டிகளில் வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க ரெனாத்தோ என்ற மெக்கானிக்கும் வந்தார். முப்பத்தாறு வயது, நெட்டையான ஆள், வெயிலில் மூக்கு மட்டும் சிவந்துபோகும். ஆங்கிலம் தெரிந்தவர் வருவார் என்று கடிதத்தில் இருந்தது. ரெனாத்தோவின் ஆங்கிலம் குட்மார்னிங்கில் தொடங்கி நோ பிராப்ளத்தில் முடிந்துவிட்டது. இரண்டு நாள் சாக்பீஸால் தரையில் படம் போட்டுக் காட்டியே வேலை நடந்தது.

மூன்றாம் நாள் மதியம் கேன்டீனில் அவர் ரசத்தை சூப் என்று நினைத்து ஒரே மடக்காகக் குடித்தார். வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளியே வந்தது. பாதி வசவு, பாதி செபம். கரண்டியோடு எதிரே நின்றிருந்த யாக்கோபு, யோசிக்காமல், அந்த வாக்கியத்தின் மறுபாதியைச் சொன்னார். பிரதர் எப்போதும் அப்படித்தான் அதை முடிப்பார்.

ரெனாத்தோவின் கை டம்ளரோடு அப்படியே நின்றது. "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார், தன் மலைப் பாஷையில்.

"படப்பை" என்றார் யாக்கோபு.

புரொடக்ஷன் மேனேஜர் வெங்கடேசன் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "யாக்கோபு, இப்ப என்ன பேசினீங்க?"

"இத்தாலி சார்."

"உங்களுக்கு இத்தாலி தெரியுமா?"

"சமையக்கட்டு இத்தாலி தெரியும் சார். மிஷின் இத்தாலி தெரியாது."

"பரவால்ல. நாளைலேர்ந்து லைனுக்கு வந்துடுங்க. சாம்பாரைச் சுப்பன் பாத்துக்கட்டும்."

அப்படித்தான் அந்த மிஷின் சமையல் பாஷையில் பொருத்தப்பட்டது. வேகத்தைக் குறைக்க ரெனாத்தோ சொன்னால் யாக்கோபு, "தீயைக் கொறைக்கணுமாம்" என்பார். வெட்டும் இடத்தில் சூடு ஏறாமல் ஊற்றும் வெள்ளைத் தண்ணீர் பாலாயிற்று. இரும்புச் சீவல் தேங்காய்த் துருவலாயிற்று. போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும் என்பதற்கு அவர் தேடிப் பிடித்த சொல், தண்ணீர் தெளித்துத் தெளித்து மாவு பிசைவதற்கான சொல். லைனில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். இரண்டாவது வாரத்தில் அவர்களே, "பால் வுடுப்பா, அடி புடிக்குது பாரு" என்று பேசிக்கொண்டார்கள்.

லைனுக்கு வந்த நான்காம் நாள்தான் யாக்கோபு தன் கேள்வியைக் கேட்டார். அதுவரை கேட்கப் பயமாக இருந்தது.

"தோர்வென்னா தெரியுமா?"

ரெனாத்தோ துணியில் கையைத் துடைத்தபடி யோசித்தார். "தோர்வென்னாவா? தெரியும். எங்களுக்கு அடுத்த பள்ளத்தாக்கு. பதினான்கு கிலோமீட்டர்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பெயரை அந்தப் பாஷைக்காரர் ஒருவர் வாயிலிருந்து யாக்கோபு கேட்பது அதுதான் முதல் தடவை.

"ஆனால் அங்கே ஒன்றும் கிடையாதே" என்றார் ரெனாத்தோ. "பஸ் பத்து நிமிஷம் நிற்கும். ஒரு பெட்ரோல் பங்க். மூடிப்போன நூல் மில். எப்போதும் ஈரம். மலை மறைப்பதால் குளிர்காலத்தில் மூன்று மாசம் தெருவில் வெயிலே விழாது."

அன்று மீதிப் பொழுதெல்லாம் யாக்கோபு வேலைக்கு வேண்டிய சொற்களை மட்டும் பேசினார். சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போது கேட்டார்: "உங்கள் ஊரில் ஸ்ரீபெரும்புதூரைத் தெரியுமா?"

"மே மாதத்திலிருந்து எல்லாருக்கும் தெரியும். டிவியில் காட்டினார்கள்."

"அந்த ஓர் இரவைத் தெரியும். ஊரைத் தெரியாது. அங்கே கோயில் இருக்கிறது, பஸ் ஸ்டாண்ட் பின்னால் காய்கறி விற்கிறார்கள், பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் சாலையை அடைத்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் தோர்வென்னாவை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறீர்கள்."

ரெனாத்தோ குழாயை மூடினார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "சரி, நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம், மதியச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீனுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் இருவரும் உட்காருவார்கள். எதிரே நாற்று நட்ட வயல். அதற்கப்பால் கொக்குகள். கம்ப்ரஸர் சத்தம் தூரத்தில் ஆறு ஓடுவது போலக் கேட்கும். யாக்கோபு பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்.

ரோமாபுரிப் பட்டாளத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்து முடித்தவர்களுக்கு நிலம் கொடுத்தார்கள். அப்படி நிலம் வாங்கிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவர்கள் அறுபது பேர். முகாம் போட்டே பழகியவர்களுக்கு வேறு மாதிரி ஊர் அமைக்கத் தெரியவில்லை. நூல் கட்டி ஒரு தெரு, குறுக்கே ஒரு தெரு, நாலு பக்கமும் சுவர். பெண் எடுத்தது மலைமேல் இருந்த ஜனங்களிடம். அதனால்தான் தோர்வென்னாவில் நிலம், வழக்கு, அளவு எல்லாவற்றுக்கும் ரோமாபுரிச் சொல். அடுப்பு, குழந்தை, ஆடு எல்லாவற்றுக்கும் மலைச் சொல்.

பிறகு குதிரைகளில் யாரோ வந்து சுவரை இடித்தார்கள். ஜனங்கள் இடிந்த கல்லை எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். ஒரு வீட்டின் சமையலறைச் சுவரில் ஒரு பளிங்குக் காது மட்டும் பதிந்திருக்கும். எந்தச் சிலையின் காதோ தெரியாது. அந்த வீட்டுப் பெண்கள் ரகசியம் பேசும்போது அதன்மேல் துணியைத் தொங்கவிடுவார்கள். ஆற்றங்கரையில் துணி துவைக்கும் கல், ஒரு பட்டாளத்துக்காரரின் கல்லறைக் கல். அதில் ஏழு எழுத்துதான் மிச்சம். சோப்புத் தண்ணீர் ஓடும்போது படிக்கலாம். பிரதர் அந்த ஏழு எழுத்தையும் வெங்காயச் சாற்றில் விரலை நனைத்துப் பலகையில் எழுதிக் காட்டுவார். ஏழாவதை எழுதுவதற்குள் முதலாவது காய்ந்துபோகும்.

கொள்ளைநோய் வந்த வருஷம் பாதி ஊர் போய்விட்டது. நோய் கண்டவர்களைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி தினமும் விடிகாலையில் பாலத்துச் சுவரில் ரொட்டிகளை அடுக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள். அவள் நினைவாக வருஷத்தில் ஒரு நாள் பாலம் முழுக்க ரொட்டி வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பெயர் கேட்கக் கூடாது. அன்று ஜன்னல்களிலிருந்து வெள்ளைத் துணி தொங்கும். நீரூற்றின் ஒரு வாயில் திராட்சை ரசம் ஓடும். பொழுது சாய்ந்ததும் நத்தை ஓடுகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, பாலத்திலிருந்து மாதா கோயில் வரைக்கும் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் ஏற்றி வைப்பார்கள். ஆறு அந்த வெளிச்சத்தை இழுத்துக்கொண்டே போகும், ஆனால் கொண்டுபோக முடியாது.

"ரொட்டித் திருவிழா உண்டு" என்றார் ரெனாத்தோ மெதுவாக. "என் அம்மா ஒரு முறை போயிருக்கிறாள்." பிறகு கேட்டார்: "உங்கள் தோர்வென்னாவில் மழையே பெய்யாதா?"

யாக்கோபு யோசித்துப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் பிரதர் மழையைப் பற்றிச் சொன்னதாக நினைவில்லை. "பெய்யாது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெனாத்தோ படப்பைக்குச் சாப்பிட வந்தார். கங்கா பிரதரின் முறைப்படி மக்காச்சோள மாவைக் கொதிநீரில் போட்டு முக்கால் மணி நேரம் கைவிடாமல் கிண்டினாள். தொட்டுக்கொள்ள ஏரி விரால் குழம்பு. ரெனாத்தோ மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இது தன் ஊர்ச் சாப்பாடுதான், ஆனால் ஊரில் யாராவது இப்படிச் செய்தால் சண்டைக்கு வருவார்கள் என்றார்.

"அவராண்ட ஒண்ணு கேளு" என்றாள் கங்கா கணவனிடம். "செருப்பு தெக்கிறவர் வூட்டுக்கு எதுக்க ஒரு அத்திமரம் கீதாமே. இன்னும் கீதா?"

"அது ரொட்டிக்கடைக்குப் பின்னாலமே."

"இல்லய்யா. ரொட்டிக்கடைக்குப் பின்னால கெணறு. நீ மறந்துட்ட."

யாக்கோபு மனசுக்குள் அந்தத் தெருவில் ஒரு முறை நடந்து பார்த்தார். கிணறுதான். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ரெனாத்தோ கேட்டார். சொன்னதும் அவர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். கங்கா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். டப்பா நிறைய ஏரி நத்தைகளின் காலி ஓடுகள், உட்புறம் எண்ணெய்க் கறுப்போடு. கார்த்திகைக்கு அகல் விளக்கோடு இவற்றையும் ஏற்றுவாள். பார்த்துவிட்டு இப்போது தெருவில் நாலைந்து வீடுகளில் ஏற்றுகிறார்கள். ஏனென்று யாரும் கேட்டதில்லை. ரெனாத்தோ ஓர் ஓட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று கங்காவைக் கேட்டார்.

யாக்கோபு முந்திக்கொண்டு பதில் சொன்னார். மணிமங்கலம், அருமையான ஊர். பழைய பெருமாள் கோயில், சுவரெல்லாம் எழுத்து. கடல் மாதிரி ஏரி. சாமி புறப்பாட்டுக்குத் தெருவெல்லாம் கோலம், மேளம், வீட்டுக்கு வீடு இலை போடுவார்கள். கால் மணி நேரம் சொன்னார். கங்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செப்டம்பர் நடுவில் மிஷின் முதல் கியரை வெட்டியது. வெங்கடேசன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புறப்படும் நாள் ரெனாத்தோ யாக்கோபின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தோர்வென்னாவில் பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பேன், பிரதரின் வீட்டைக் கண்டுபிடித்து எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டபோது கடிதம் வந்தது. உள்ளே நாலு போட்டோ. யாக்கோபு காதால் படித்த பாஷை அது. எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். அது தெரிந்தே ரெனாத்தோ, பேசுகிற மாதிரியே, பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். அடுப்பங்கரையில் உட்கார்ந்து யாக்கோபு வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல, கங்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை போனேன். மழை. பாலம் இருக்கிறது, மூன்று வளைவு, நீங்கள் சொன்ன மாதிரியே. தெரு நூல் பிடித்த மாதிரிதான் இருக்கிறது. செருப்புத் தைக்கிறவர் வீடு இப்போது டிவி ரிப்பேர் கடை. எதிரே அத்திமரத்தின் அடிக்கட்டை இருக்கிறது, கங்கா அம்மாவிடம் சொல்லுங்கள். மாதா கோயில் புத்தகத்தில் பாதிரியாரும் நானும் தேடினோம். நீங்கள் சொல்லியிருந்த குடும்பப் பெயரில் செலஸ்தீனோ என்று யாரும் அந்த ஊரில் பிறக்கவில்லை. ரொட்டிக்கடையில் ஒரு கிழவி இருக்கிறாள், எண்பத்தெட்டு வயது. அவளுக்குத்தான் தெரிந்தது. அந்தக் குடும்பம் ஊரில் இருந்ததில்லையாம். மூன்று மணி நேரம் மலை ஏற வேண்டும். மேலே ஒற்றை வீடு, ஆடுகள். வருஷத்தில் இரண்டு தரம், மூன்று தரம், திருவிழா நாளில் மட்டும் கூடையோடு இறங்கி வருவார்கள். பதின்மூன்று வயதில் செலஸ்தீனோவைச் சாமியார்கள் அழைத்துப் போய்விட்டார்கள். மொத்தம் இருபது முறை ஊருக்குள் வந்திருந்தால் அதிகம் என்றாள். மரக்கட்டைச் செருப்பு போட்டிருப்பானாம், ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்வார்களாம். யாராவது கூப்பிடும் வரை பாலத்திலேயே நிற்பானாம். கூப்பிட்டது இவள்தான். அதனால் நினைவு வைத்திருக்கிறாள். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு மலை ஏறினேன். போட்டோவில் பாருங்கள்."

பாலம், மழையில். பஸ் நிற்குமிடம், மழையில். ரொட்டிக்கடைக் கிழவி, கேமராவைப் பார்க்காமல். நாலாவது படத்தில் கூரை சரிந்த ஒரு கல்வீடு, வாசலில் முள்செடி, அதற்கப்பால் மேகம். ஊர் தெரியவே இல்லை.

யாக்கோபு கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் கேன்டீனில் சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். அதற்கடுத்த நாள் போடவே மறந்தார். திங்கட்கிழமை சாயங்காலம் கங்கா அவர் முன்னால் காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னாத்துக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிகினு கீற?"

"பன்னண்டு வருசம்மே. அந்த ஊர்லயே பொறந்து வளந்த மாரி சொன்னாரு. ஒரே ஒரு வாட்டி அந்த மல வூட்ட சொல்லல. எனக்குப் பொய் சொல்லிகீறாரு."

"பாலம் பொய்யா? தெரு பொய்யா? அத்திமரம் கீதுன்னு எழுதிகீறாரே."

"அதில்ல. அது அவரு ஊரே இல்ல."

சாரல் அடித்த ஜன்னலைக் கங்கா எழுந்து சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நீ மணிமங்கலத்த அந்த வெள்ளக்காரராண்ட எப்பிடி சொன்ன? கோலம், மேளம், எல போட்டு சோறு. நீ எப்பலாம் வந்திருக்க? எங்கப்பா கூப்ட்டதுக்கு அப்பறம், திருவிழாவுக்கு. புது வேட்டி கட்டிகினு வருவ. மாப்ளன்னு உக்காத்தி வச்சி போடுவாங்க. நீ சொன்னது இன்னா பொய்யா? நீ பாத்ததத்தான் சொன்ன. அவரும் அப்பிடித்தான்."

யாக்கோபு காப்பியைத் தொடவில்லை.

"ஆனா நான் பொறந்த ஊரு அது இல்லய்யா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பருப்பில் கல் இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். "ரொட்டிக்கடைக்குப் பின்னால கெணறு கீதுன்னு எனக்குத் தெரியும். எங்க வூட்டுக்குப் பின்னால இன்னா கீதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. அந்த வீட்டின் முன்கட்டைத் தாண்டி அவர் போனதே இல்லை. இருபத்தேழு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் கேட்கவில்லை என்பது, மழைச் சத்தத்துக்கு நடுவில், மெதுவாக அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"நாளைக்குப் போலாமா?" என்றார்.

"நாளைக்கு இன்னா விசேசம்? செவ்வாக்கெழம."

"ஒண்ணுமில்ல. அதான்."

காலையில் சுப்பனிடம் ஆள் அனுப்பி லீவு சொன்னார். தூறலில் பஸ் ஏறி மணிமங்கலத்தில் இறங்கியபோது பத்து மணி. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கோலம் இல்லை. ஒரு நாய் கூரைக்கடியில் சுருண்டு கிடந்தது. கோயில் வாசலில் ஒரு பாட்டுச் சத்தமும் கிடையாது. மண்டபத்துக்குள் யாரோ குடையை விரித்துக் காய வைத்திருந்தார்கள். யாக்கோபுக்கு ஊரே புதிதாக இருந்தது, முகம் கழுவி வந்தவரைப் போல.

கங்கா முன்னால் நடந்தாள். அவள் பிறந்த வீடு விற்றுப்போய் வருஷங்கள் ஆகின்றன. பின்சந்து வழியாக அழைத்துப்போய் ஒரு மண்சுவரைக் காட்டினாள். அதற்குப் பின்னால் குப்பைமேடு, பக்கத்தில் ஒரு நுணா மரம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது மூன்று நாள் அந்த மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று இருந்தாளாம். சோற்றைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பியது அவள் அம்மாதானாம்.

பிறகு ஏரிக்கரைக்குப் போனார்கள். தண்ணீர் மதகு வரை ஏறியிருந்தது, சேற்று நிறத்தில். எதிர்க்கரை தெரியவில்லை. வானமும் ஏரியும் ஒரே ஈரச் சாம்பலாக இருந்தன. மதகுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் கங்கா நின்றாள்.

"கல்யாணம் ஆயி ரெண்டு வருசம் எங்கப்பா பேசல இல்ல" என்றாள். "அப்ப மாசத்துல ரெண்டு வாட்டி, மூணு வாட்டி நான் இங்க வருவேன். நீ வேலைக்குப் போனப்பறம். எங்கம்மா எரும மேய்க்க வரும். நான் கரைக்கு இந்தப் பக்கம் குந்திக்குவேன். அது அந்தப் பக்கம் குந்திக்கும். முதுவு காட்டிகினு. யாராச்சும் பாத்து எங்கப்பாவாண்ட சொல்லிட்டா? ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்காமலே பேசுவோம்."

யாக்கோபு அவள் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஏன்மே சொல்லல?"

"சொல்லலாம்னு வருவேன். நீ வேலலேந்து வந்ததும் பாலத்துல ஏறிடுவ. அப்பறம் மாதா கோயில் வந்தாத்தான் எறங்குவ." அவள் லேசாகச் சிரித்தாள். "எனக்கும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சி. அங்க யாரும் யார் மேலயும் கோச்சிகினு இல்ல."

தூறல் கனத்தது. கரையில் ஒரு மோட்டார் ரூம் இருந்தது, கதவு இல்லாமல். இருவரும் அதன் கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டார்கள். யாக்கோபு தோள் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டார். ஏரியின்மேல் மழை நடந்து வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு நீர்க்காகம் மூழ்கி, அவர்கள் எதிர்பார்க்காத இடத்தில் எழுந்தது.

"அம்மா இன்னா பேசும்?" என்று கேட்டார்.

"இன்னா பேசும். இன்னா கொழம்பு வச்சன்னு கேக்கும். ஒடம்பு எப்பிடி கீதுன்னு கேக்கும். ஒருவாட்டி, அந்த ஆளு ஒன்ன அடிக்கிறானாடின்னு கேட்டுச்சி. இல்லம்மா, அவரு ஒரு ஊரச் சொல்லிகினே கீறாரு, அவ்ளதான்னேன்."

"அதுக்கு?"

"எந்த ஊருடின்னு கேட்டுச்சி."

"நீ சொன்னியா?"

"கொஞ்சம் சொன்னேன்" என்றாள் கங்கா. "பாதில எரும தண்ணில எறங்கிடுச்சி. அம்மா எழுந்து ஓடிச்சி."

யாக்கோபு சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு அந்த எருமையின் பெயர் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அது யாருடைய எருமை, எந்தச் சந்தையில் வாங்கியது, அம்மா அதற்கு ஏன் அந்தப் பெயரை வைத்தாள் என்று ஒவ்வொன்றாக அவர் கேட்கக் கேட்க, மழை விட்டதைக்கூடக் கவனிக்காமல், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.